அந்த ஒரு வரியை மாற்றுவதற்காக

சகோதரிகளே, கணினி என்ற சொல்லைக் கண்டவுடன் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படிப் புரட்டியவள்தான். 2008 இல் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வேளையில் புத்தகப் பையோடு இடம்பெயர்ந்தேன். பிறகு அந்தப் பரீட்சையை எழுதவேயில்லை. மீள்குடியேறிய பின்னர் ஆறு மாதத் தட்டச்சுப் பயிற்சி ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான் என் கணினிப் படிப்பு. இன்று எங்கள் பனையோலைக் கைப்பணிச் சங்கத்தின் இணையத்தளத்தில் விலை மாற்றுவது, படம் போடுவது, பிழை திருத்துவது எல்லாம் என் பொறுப்பு. இதை நான் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. ஓர் அக்காவின் படத்துக்குக் கீழே இருந்த ஒரேயொரு வரியை மாற்ற வேண்டியிருந்தது. அதற்காகப் படித்தேன்.

எங்கள் இணையத்தளம் 2014 இல் வந்தது. நீத்துப்பெட்டி, கடகம், தடுக்கு, பரிசுப் பெட்டி என்று நாங்கள் இழைக்கிற பொருட்களை வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் பார்த்து வாங்கட்டும் என்று, ஊர்த் தம்பி ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்வித்தோம். சங்கத்தில் அப்போது பதினான்கு பேர். எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயரும் ஊரும் போட்டு, அதற்கும் கீழே இன்னொரு வரி எழுதியிருந்தார்கள். ஒருவருக்குக் ‘காலை இழந்தவர்’. இன்னொருவருக்கு ‘இரு பிள்ளைகளை இழந்தவர்’. நல்ல எண்ணத்தில்தான் எழுதினார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. பார்க்கிறவர்கள் இரக்கப்பட்டு ஒரு பெட்டி கூட வாங்குவார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் எங்கள் இழப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் விலைத் துண்டுபோல ஒட்டிவைத்தது சரியா என்று அன்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கணினிக்குள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்த்தவர்களே இரண்டு மூன்று பேர்தான்.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். எங்கள் சங்கத்து அக்கா ஒருவரும் தன் கணவரின் படத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் இருந்தார். சில கிழமை கழித்து ஒரு பின்னேரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் மகளின் ரெலிபோன். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்:

“பிள்ளை, நான் எப்ப விதவை எண்டு சொன்னனான்?”

யாரோ ஓர் உறவுக்காரர் எங்கள் தளத்தைப் பார்த்துவிட்டு, ‘அங்கே கணவனை இழந்தவர் என்று போட்டிருக்கிறது, இங்கே வந்து கணவனைத் தேடுகிறேன் என்று இருக்கிறாய், எது உண்மை?’ என்று கேட்டிருக்கிறார். கேட்டவருக்கு அது ஒரு கேள்வி. அக்காவுக்கு அது அப்படியல்ல. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று எத்தனையோ பேர் சொல்லியும் அவர் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் பெறலாம் என்று 2016 இல் சட்டத் திருத்தம் வந்தபோதுகூட, ‘முதலில் ஆளைக் காட்டச் சொல்லு’ என்று சொன்னவர். அப்படிப்பட்டவரின் முகத்துக்குக் கீழே மூன்று வருடமாக ‘கணவனை இழந்தவர்’ என்று எழுதி உலகம் முழுவதற்கும் காட்டியிருக்கிறோம்.

“இண்டைக்கே மாத்திப்போடுறன் அக்கா” என்று சொல்லிவிட்டேன். எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியாது.

தளத்தைச் செய்த தம்பி அப்போது கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தார். வைபரில் பிடித்தேன். வேலைத்தளத்தில் கணினி இல்லை என்றார். “அக்கா, நானே செய்யோணும் எண்டில்லை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அனுப்புறன். எவ்.ரி.பி. யாலே போய் நீங்களே மாத்தலாம்” என்றார். எவ்.ரி.பி. என்றால் என்ன என்று கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன். கேட்டது நல்லதாகப் போயிற்று.

அவர் சொன்னதை என் சொல்லில் சொல்கிறேன். இணையத்தளம் என்பது வானத்தில் மிதக்கிற ஒன்றல்ல. அது சில கோப்புகள். எழுத்து உள்ள கோப்பு, படம் உள்ள கோப்பு என்று நாங்கள் கணினியில் சேமிக்கிற கோப்புகளைப் போன்றவைதான். வேறு ஏதோ ஒரு நாட்டில், இரவு பகல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஒன்றில் அவை இருக்கின்றன. அந்தக் கணினிக்கு வழங்கி என்று பெயர். அதில் ஒரு மூலையை வருட வாடகைக்கு எடுத்திருக்கிறோம். தளத்தின் பெயருக்குக் கட்டுகிற காசு வேறு, இந்த வாடகை வேறு. வீட்டுப் பெயர்ப் பலகையும் காணியும் போல. பலகை இருந்து காணி இல்லாவிட்டாலும் பயனில்லை, காணி இருந்து பலகை இல்லாவிட்டால் ஒருவரும் வந்து சேரமாட்டார்கள்.

எங்கள் கணினியில் இருக்கும் கோப்பை அந்தத் தூரத்துக் கணினிக்குக் கொண்டுபோய் வைப்பதற்கும், அங்கிருப்பதை இங்கே எடுப்பதற்கும் உள்ள ஒழுங்கு முறைக்குத்தான் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை, சுருக்கமாக எவ்.ரி.பி. என்று பெயர். இதன் முதல் வடிவத்தை எழுதியவர் இந்தியாவில் பிறந்த அபய் பூஷண் என்பவர். 1971 ஏப்ரலில், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இருந்தபோது எழுதினார். இன்று நாம் பார்க்கும் இணையத்தளங்கள் என்ற எண்ணமே 1989 இல்தான் எழுத்தில் வந்தது. அதாவது தளங்கள் பிறக்க முன்னரே கோப்புகள் கணினிக்குக் கணினி பயணம் செய்யத் தொடங்கிவிட்டன.

மறுநாள் காலையில் ரவுணில் உள்ள இணைய நிலையத்துக்குப் போனேன். பைல்சில்லா என்ற இலவச மென்பொருளை இறக்கச் சொல்லியிருந்தார் தம்பி. திறந்தால் மேலே நான்கு கட்டங்கள். முதலாவதில் வழங்கியின் முகவரி, இரண்டாவதில் பயனர் பெயர், மூன்றாவதில் கடவுச்சொல், நான்காவதில் வாசல் எண். ஒரு கணினிக்கு எத்தனையோ வாசல்கள் உண்டாம். எவ்.ரி.பி. போகிற வாசல் 21. நான்கையும் நிரப்பி இணைப்பை அழுத்தினால் திரை இரண்டாகப் பிரிந்து நிற்கும். இடப்பக்கம் எங்கள் கணினி, வலப்பக்கம் தூரத்துக் கணினி. இடத்திலிருந்து வலத்துக்கு இழுத்தால் ஏறும். வலத்திலிருந்து இடத்துக்கு இழுத்தால் இறங்கும். இவ்வளவுக்குமா இத்தனை வருடம் பயந்திருந்தோம் என்று சிரிப்பு வந்தது.

வலப்பக்கத்தில் பல கோப்புறைகள் இருந்தன. எங்களுக்கு வேண்டியது ‘பப்ளிக் எச்.ரி.எம்.எல்.’ என்ற கோப்புறை. பெரும்பாலான வாடகை வழங்கிகளில் உலகம் பார்க்கக்கூடியது அதற்குள் வைப்பது மட்டுந்தான். அதற்கு வெளியே எதை வைத்தாலும் தளத்தில் தெரியாது. உள்ளே ‘இன்டெக்ஸ்’ என்ற பெயரில் இருக்கும் கோப்புத்தான் முன்வாசல், அதன் பெயரை மாற்றக்கூடாது. உறுப்பினர் பக்கத்துக்கு உரிய கோப்பை இடப்பக்கம் இழுத்து, நோட்பாட்டில் திறந்தேன். ஆங்கிலக் குறிகளுக்கு நடுவே எங்கள் பெயர்கள் தமிழில் இருந்தன. அக்காவின் பெயரைக் கண்டுபிடித்து, கீழே இருந்த வரியை அழித்து, அவர் சொல்லியனுப்பியபடி ‘பனையோலைப் பெட்டி இழைப்பவர்’ என்று எழுதினேன். சேமிக்கும்போது கணினி ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை சொன்னது. சரி என்று அழுத்தினேன். ஏற்றினேன். ‘ஏற்கெனவே இதே பெயரில் கோப்பு இருக்கிறது, அதன்மேல் எழுதவா’ என்று கேட்டது. அதற்கும் சரி என்றேன்.

தளத்தைத் திறந்தால் ஒரு மாற்றமும் இல்லை. அதே பழைய வரி. திரும்ப ஏற்றினேன். அப்போதும் அதேதான். பிறகுதான் தெரிந்தது, கணினி முன்பு பார்த்த பக்கத்தை ஞாபகத்தில் வைத்திருந்து அதையே காட்டுகிறது என்று. கொன்ட்ரோல் விசையோடு எவ்-5 ஐ அழுத்தினால் புதிதாக எடுத்துவரும். அழுத்தினேன். பக்கம் முழுவதும் கேள்விக்குறிகள்.

பதினான்கு பேரின் பெயரும் ஊரும் கேள்விக்குறிகளாக நின்றன. அந்தத் திரையை நான் இன்னும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். கோப்பு ஏ.என்.எஸ்.ஐ. என்ற முறையில் சேமிக்கப்பட்டுவிட்டது. அந்த முறைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். யூ.ரி.எவ்.-8 என்று தெரிவுசெய்து சேமித்திருக்க வேண்டும். கணினி சொன்ன எச்சரிக்கையும் அதுதான். வாசிக்காமல் சரி சொன்னது நான். எங்கள் பக்கத்தில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு சொல். பாமினியில் அடித்ததை அப்படியே தளத்தில் போட்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றித்தான் போட வேண்டும்.

கேள்விக்குறியாய்ப் போனதை மீட்க வழி இல்லை. பழைய கோப்பில் ஒரு பிரதி எடுத்து வைக்காமல் அதன்மேலேயே எழுதிவிட்டேன். அழுகை வந்தது. சங்கத் தலைவி அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. கணக்குப் புத்தகங்கள் வைக்கிற அலுமாரியைத் திறந்து, அடியில் கிடந்த ஒரு சீடியை எடுத்துத் தந்தார். 2014 இல் தம்பி தளத்தை முடித்துக் கொடுத்தபோது தந்த சீடி. ‘என்னவெண்டு தெரியேல்லை, எறிய மனம் வரேல்லை’ என்றார். இடம்பெயர்ந்த சனம் ஒரு துண்டுக் கடதாசியையும் லேசில் எறியாது. அந்தப் பழக்கம் அன்று எங்களைக் காப்பாற்றியது. சீடியில் இருந்த பக்கத்தை எடுத்து, இடையில் சேர்ந்தவர்களின் பெயர்களைக் கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்துத் திரும்ப அடித்து, யூ.ரி.எவ்.-8 இல் சேமித்து ஏற்றியபோது இரண்டாம் நாள் பொழுது பட்டுவிட்டது. அன்று தொடக்கம், எதைத் தொட முன்னரும் வலப்பக்கத்தில் உள்ளதை முழுவதுமாக இடப்பக்கம் இறக்கி, திகதி போட்ட கோப்புறையில் வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்குவேன்.

அந்த ஒரு வரி மாறியது. ஆனால் அக்கா இன்னொன்றும் கேட்டார். “படத்தையும் எடுத்துவிடு பிள்ளை.” இரண்டு குமர்ப் பிள்ளைகளோடு தனியே இருக்கிறவர். முகமும் ஊரும் ஒன்றாகக் கிடப்பது அவருக்குப் பயமாக இருந்தது. பக்கத்திலிருந்து படத்தை நீக்கினேன். முடிந்தது என்று நினைத்தேன். அன்றிரவு அவருடைய மகள் கூப்பிட்டு, “அன்ரி, படம் இன்னும் வருது” என்றாள். படத்தின் முழு முகவரியையும் அவளுக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள். அதை அழுத்தினால் அம்மாவின் முகம் வருகிறது.

இதைக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் பலர் அறியாத விசயம் இது. பக்கத்திலிருந்து படத்தை நீக்குவது, சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றுவது போல மட்டுந்தான். படம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வலப்பக்கத்தில், வழங்கியின் படக் கோப்புறைக்குள் போய் அந்தக் கோப்பையே அழித்தால்தான் அது இல்லாமற்போகும். அழித்தேன். அதற்குப் பிறகும் கூகிளின் படத் தேடலில் சில காலம் சிறிய அளவில் வந்துகொண்டிருந்தது. அது தானாக மறைய நாட்கள் எடுக்கும். ஆனால் இடையில் யாராவது தன் ரெலிபோனில் சேமித்து வைத்திருந்தால் அதை எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது. இதை அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப ஏத்த முன்னம் கேட்டிருக்கோணும்” என்றார்.

அந்த மாதக் கூட்டத்தில் எல்லோருடைய படத்தையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டிக் கேட்டோம். முகம் போடலாமா, ஊர் போடலாமா, கீழே என்ன எழுதலாம்? ஐந்து பேர் படம் வேண்டாம் என்றார்கள். காலை இழந்த சகோதரி, ‘கால் போனதையும் போடு, ஆனா முதலாவதா நான் கணக்காளர் எண்டு போடு’ என்றார். ‘இழந்தவர்’ என்ற சொல் ஒருவருடைய படத்தின் கீழும் மிஞ்சவில்லை. விற்பனை அதனால் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி, உங்கள் சங்கத்துக்கும் தளம் இருந்தால் பயன்படும் என்பதற்காக, பட்டுத் தெளிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

பழைய எவ்.ரி.பி. முறையில் கடவுச்சொல் உறையில் போடாத தபாலட்டை போலத் திறந்தபடியே போகிறது. இடையில் நிற்கிறவர் விரும்பினால் வாசிக்கலாம். அது 1971 இல், ஒருவரையொருவர் அறிந்த சில ஆராய்ச்சியாளர்கள் மட்டும் பாவித்த காலத்தில் எழுதப்பட்டது, பூட்டைப் பற்றி அன்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை. இப்போது எஸ்.எவ்.ரி.பி. என்ற பூட்டிய முறை இருக்கிறது, அதன் வாசல் எண் 22. அது இல்லாவிட்டால் ரி.எல்.எஸ். என்ற பூட்டோடு கூடிய எவ்.ரி.பி. இருக்கும். வாடகைக்குத் தருகிறவர்களிடம் எது உண்டு என்று கேட்டு அதையே பாவியுங்கள். முன்பு உலாவியிலேயே எவ்.ரி.பி. முகவரியைத் திறக்க முடிந்தது. 2021 இல் குரோமும் பயர்பொக்ஸும் அதை நிறுத்திவிட்டன. ஆகவே தனி மென்பொருள் வேண்டும், அல்லது வழங்கியின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் உள்ள கோப்பு முகாமையைப் பாவிக்கலாம். ஒன்றிரண்டு கோப்புக்கு அது போதும். நூறு படம் ஏற்ற வேண்டுமென்றால் பைல்சில்லாதான் கைகொடுக்கும்.

இணைய நிலையத்துக் கணினியில் வேலை செய்தால், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். எழும்ப முன்னர் பைல்சில்லாவின் திருத்தப் பட்டியலில் தனிப்பட்ட தரவை அழிக்கும் வசதி இருக்கிறது, அதையும் அழுத்துங்கள். நான் முதல் மூன்று மாதமும் இது தெரியாமலே வந்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

கோப்புகளுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் பெயர் வையுங்கள். கமெரா படங்களின் பெயரின் கடைசியில் வரும் ஜே.பி.ஜி. பல நேரம் பெரிய எழுத்தில் இருக்கும். எங்கள் வின்டோஸ் கணினிக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். வழங்கிகளில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ், அதற்கு அவை இரண்டும் வேறு. வீட்டில் தெரிகிற படம் தளத்தில் தெரியவில்லை என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் புதிய பொருட்களின் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். இடையில் கரண்ட் போனது. அடுத்த நாள் பார்த்தால், கடகத்தின் மேற்பாதி மட்டும் தெரிகிறது, கீழ்ப்பாதி சாம்பல் நிறம். கோப்பு பாதிதான் போயிருக்கிறது. இரு பக்கமும் கோப்பின் அளவைப் பார்த்தால் இது உடனே பிடிபடும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அன்றிலிருந்து படங்களை முதலில் ஏற்றிச் சரிபார்த்துவிட்டு, அந்தப் படங்களைக் காட்டுகிற பக்கத்தைக் கடைசியாக ஏற்றுகிறேன். இடையில் நின்றாலும் பழைய பக்கம் பழுதில்லாமல் நிற்கும். ரெலிபோனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் சிறிதாக்கினால் டேட்டாவும் மிச்சம், பார்க்கிறவருக்கும் கெதியாகத் திறக்கும்.

அதே வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 350 க்கு மேல் ஏறியபோது வழங்கி வாடகையும் அதற்கேற்ப ஏறியது. நிறுத்திவிடுவோமா, பேஸ்புக்கில் இலவசமாகப் போடலாமே என்ற கதை வந்தது. பேஸ்புக்கிலும் போடுகிறோம். ஆனால் எங்கள் கோப்பு எங்கள் கையில் இருக்கிற இடம் இதுதான் என்று தலைவி அக்கா பிடிவாதமாக நின்றார். ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டினோம். அந்தக் கட்டணத்தைக் கட்டப்போனபோதுதான் தளத்தின் பெயர் இன்னும் அந்தத் தம்பியின் மின்னஞ்சலில் பதிவாகியிருப்பது தெரிந்தது. நல்ல பிள்ளை, கேட்டவுடன் மாற்றித் தந்தார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல ஏலாது. யாரிடம் செய்வித்தாலும், பெயர்ப் பதிவு, பயனர் பெயர், கடவுச்சொல், கோப்புகளின் முழுப் பிரதி ஆகிய எல்லாவற்றையும் சங்கத்தின் பெயரில் வாங்கிவிட்டுத்தான் கடைசிக் காசைக் கொடுங்கள்.

கிளிநொச்சிப் போராட்டம் 2022 ஆகஸ்டில் 2,000 நாட்களைத் தாண்டியது. அக்கா அங்கே போய்வந்த அடுத்த கிழமை என் வீட்டுக்கு வந்தார். மகள் எடுத்த ஒரு படத்தை ரெலிபோனில் காட்டினார். முகம் இல்லை. இரண்டு கைகளும், பாதி இழைத்த பெட்டியும். இடக்கைப் பெருவிரலுக்கு மேலே பழைய வெட்டுக்காயத் தழும்பு தெளிவாகத் தெரிந்தது.

“இதைப் போடுவமே பிள்ளை?”

“போடலாம் அக்கா. கீழ என்ன எழுத? பேர் போடவோ?”

“பேர் வேண்டாம். பாக்க வேண்டிய ஆளுக்குக் கை தெரியும்.”

படத்தைக் கணினிக்கு எடுத்து, பெயரைச் சிறிய எழுத்துக்கு மாற்றி, அளவைக் குறைத்தேன். பிறகு எழும்பி அவரை என் கதிரையில் இருத்தி, மவுஸைக் கையில் கொடுத்து, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு எப்படி இழுப்பது என்று காட்டினேன். முதல் தடவை வழியில் விட்டுவிட்டார். இரண்டாம் தடவை ஏறியது.